கணக்கெடுக்க வர்ற பிள்ளைகளுக்கு நாமதான் வாத்தியார்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை. பேசியபடியே கொடுத்திருக்கிறோம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, "கல்லூரி மாணவர்களும் நம் கூட்டமைப்பும்". போன மாதக் கூட்டத்தில் இந்த விஷயத்துக்காக எவ்வளவு சத்தம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். "இனிமே எந்தக் காலேஜ் பசங்களையும் தெருவுக்குள்ள விடாதீங்க, தீர்மான நோட்டுல எழுதுங்க" என்று ஒரு பக்கம். "பாவம்மா, படிக்கிற பிள்ளைங்க" என்று இன்னொரு பக்கம். நான் ரெண்டு பக்கமும் இல்லை. விடலாம், ஆனால் சும்மா விடக்கூடாது என்பது என் கட்சி.

முதலில் அந்தக் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமான கோபம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பெயர் வேணாம். வயசுப் பெண் பிள்ளைகளுக்கு விரலில் குத்தி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்தார்கள். சின்ன மிஷின்தான், ஒரு நிமிஷத்தில் நம்பர் காட்டிவிடும். அந்த நம்பரை டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டார்கள், பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஒரு அம்மா போய், "எம் பொண்ணுக்கு எவ்ளோ தம்பி வந்துச்சு?" என்று கேட்டதற்கு, "அது ஆராய்ச்சிக்கு ஆன்ட்டி, காலேஜுக்குத்தான் போகும்" என்று பதில். ரெண்டு வாரத்தில் வேலை முடிந்தது, போய்விட்டார்கள். நாலு மாசம் கழித்து அந்தப் பெண் ஸ்கூல் பிரேயரில் மயங்கி விழுந்தாள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் 7.4. 12 இருக்க வேண்டிய இடத்தில் 7.4. எட்டுக்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகை என்றுதான் கணக்கு. நாலு மாசம் முன்னால் அவளுக்கு எவ்வளவு இருந்ததோ, அது யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெத்தவளுக்கு இன்று வரை தெரியாது.

அந்த அம்மா நம் குழு உறுப்பினர். அவர் "விடாதீங்க" என்று கத்தினால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனாலும் கதவை மூடுவது பதில் இல்லை என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் யார், எதுக்காக வருகிறார்கள் என்று முதலில் தெரிஞ்சுக்குவோம்.

இவர்கள் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் இல்லை. சில பேர் டாக்டர் முடித்துவிட்டும் வருவார்கள், பல் டாக்டர், நர்ஸ், சமூகப் பணி படித்தவர்களும் இருப்பார்கள். எம்.பி.எச். என்று ஒரு படிப்பு, பொது சுகாதாரத்தில் முதுகலை. திருவனந்தபுரத்தில் 1997லேயே இந்தப் படிப்பைத் தொடங்கினார்கள். நம்ம சென்னையில் அம்பத்தூர் தாண்டி அயப்பாக்கத்தில் இருக்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் இருக்கிறது, வேறு கல்லூரிகளிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு நோயாளியைப் பார்ப்பார். இவர்கள் ஒரு தெருவையே நோயாளி மாதிரி பார்க்கக் கத்துக்கிறார்கள். ஒரே தெருவில் ஏன் இத்தனை பேருக்கு சுகர், ஏன் இந்தப் பக்கம் மட்டும் வயிற்றுப்போக்கு, என்று. நாளைக்கு இவர்களில் ஒருத்தர்தான் மாநகராட்சியிலோ மாநில அரசிலோ டில்லியிலோ உட்கார்ந்து, நம்ம மாதிரி ஏரியாவுக்கு என்ன திட்டம் போடலாம் என்று எழுதப் போகிறார். அவர் படிக்கும்போது பார்த்த முதல் தெரு நம்ம தெருவாக இருந்தால் நல்லதா, கெட்டதா? அதை யோசிங்க.

நம்ம மெட்ராஸ் ஜனங்க வீட்டுக்குள் ஆராய்ச்சிக்காரர்கள் வருவது இன்றைக்கு நேற்றைக்கு நடப்பது இல்லை. 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். அப்போது டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்கணும், நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று, அது இருந்தால்தான் பிழைக்கலாம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. ஏழைக்கு ஏது படுக்கை? இவர்கள் என்ன செய்தார்கள், இந்த ஊர் ஏழை ஜனங்களில் டி.பி. வந்தவர்களை ரெண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மீதிப் பேருக்கு அதே மாத்திரையைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஒரே அறையில் ஏழெட்டு பேர் இருக்கிற வீடு, அரை வயிற்றுக் கஞ்சி, உடம்பு கொஞ்சம் தேறினால் வேலைக்கும் போயாகணும். ஒரு வருஷம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள். 1959ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. அதற்கப்புறம்தான் உலகம் முழுக்க டி.பி. வைத்தியம் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு வீட்டுக்கு வந்தது. இன்றைக்கு நம்ம தெருவில் ஒருத்தர் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பிள்ளை குட்டியோடு வீட்டில் இருக்கிறார் என்றால், அதற்கு அடித்தளம் இந்த ஊர்.

அந்த ஆராய்ச்சியைச் செய்த டாக்டர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதவைத் திறந்து விட்ட பொம்பளைங்க, மாத்திரைப் பெட்டியைப் பத்திரமாக வைத்து எடுத்துக் காட்டியவர்கள், அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். அது ஒரு மாணவியின் புராஜெக்ட். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்ற முதுகலை மாணவி, தன் படிப்புக்காக ஒரு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பார் என்றார். அப்போது நம்ம நாட்டில் அது இல்லவே இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பாலியல் தொழில் வழக்கில் பிடித்து வைத்திருந்த பெண்களின் காப்பகத்துக்குப் போய் ரத்தம் எடுத்தார். அவர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவாராம். எடுத்த ரத்தத்தை வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். ஆறு பேருக்கு இருந்தது. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று முதல்முதலில் தெரிந்தது அப்படித்தான். ஆக, "படிக்கிற பசங்க, என்னத்தக் கிழிக்கப் போறாங்க" என்று லேசாக நினைக்காதீங்க. அதே சமயம், பூட்டி வைத்த இடத்தில் இருக்கிற ஒருத்தி "எனக்கு வேணாம்மா" என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பதையும் யோசிங்க. நாம் பூட்டி வைக்கப்பட்டவர்கள் இல்லை. நம்மால் சொல்ல முடியும், கேட்கவும் முடியும்.

சரி, வாத்தியார் வேலைக்கு வருகிறேன். அந்த ஹீமோகுளோபின் விவகாரத்துக்குப் பிறகு வந்த ரெண்டு குழுவுக்கும் கூட்டமைப்பு என்னை உள்ளூர் வழிகாட்டியாகப் போட்டது. நான் பத்தாவதுதான். அவர்கள் எம்.பி.எச். ஆனால் ரெண்டாவது நாளே தெரிந்துவிட்டது, அவர்களுக்குத் தெரியாதது நிறைய நமக்குத் தெரியும்.

முதல் நாள் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கணுமே. புளியந்தோப்பு என்றாலே வெளியில் இருக்கிறவர்களுக்கு ஆட்டுத்தொட்டி, 1921 கலவரம், சினிமாவில் அரிவாளோடு ஓடுகிற ஆள், இவ்வளவுதான். ஒரு பெண் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நம்ம லோகு ஆயா கூப்பிட்டு, "இன்னா கண்ணு, வெயில்ல வந்துகீற, குந்து" என்று மோர் கொடுத்ததும்தான் பையைக் கீழே வைத்தாள். முதல் மூணு நாள் அவர்கள் கையில் பேப்பரே இருக்கக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். சுத்துங்க, உட்காருங்க, பேசுங்க. எங்களை "ரெஸ்பான்டென்ட்" என்று சொல்லாதீங்க, அக்கா என்று கூப்பிடுங்க, பெரியவங்களை அம்மா, ஆயா என்று கூப்பிடுங்க.

அப்புறம் கேள்வித்தாளைக் காட்டினார்கள். முதல் குழுவின் தலைப்பு ரத்த அழுத்தம். "உங்கள் வீட்டுக் குடிநீர் ஆதாரம் எது? குழாய், லாரி, கேன், ஏதாவது ஒன்றை டிக் செய்யவும்." நான் கேட்டேன், எதுக்கு ஒன்று? குடிக்கக் கேன், சமைக்க லாரித் தண்ணி, துணிக்கும் பாத்திரத்துக்கும் அடி பம்பு. பம்புத் தண்ணியிலும் முதல் பத்து குடம் சாக்கடை வாடை அடிக்கும், அடித்துக் கீழே ஊற்றிவிட்டு அப்புறம்தான் பிடிக்கணும். நீங்க "குழாய்" என்று டிக் அடித்தால், புளியந்தோப்பில் எல்லா வீட்டிலும் குழாய்த் தண்ணி இருக்கிறது என்று எழுதிவிடுவீங்களே. அந்தத் தம்பி எழுதிக்கொண்டே இருந்தான். அப்புறம் பக்கத்தில் இருந்த நம்ம உறுப்பினர் ஒருத்தர் கேட்டார், "ஏன் தம்பி, பிரஷரைப் பத்திக் கேக்கறீங்க, உப்பைப் பத்திக் கேக்கறீங்க, தூக்கத்தைப் பத்திக் கேக்கலியே? ராத்திரி ரெண்டு மணிக்கு பம்புல தண்ணி வந்தா நாங்க எழுந்துக்கறோம், நாலு மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு வேலைக்கு ஓடறோம். அதுக்கும் பிரஷருக்கும் சம்பந்தம் இல்லியா?"

பேராசிரியர் அம்மா அன்றைக்கு வந்திருந்தார். அவரே சொன்னார், தூக்கம் குறைந்தால் ரத்த அழுத்தம் கூடும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம், ஆனால் தண்ணிக்காக எழுந்திருப்பதைக் கேட்கணும் என்று எங்களுக்குத் தோணவே இல்லை என்று. ஒரு கேள்வி சேர்த்தார்கள். "போன வாரம் தண்ணீருக்காக எத்தனை ராத்திரி எழுந்தீர்கள்?" அந்தக் கேள்வியைப் போட்டது நம்ம ஆள். கடைசி அறிக்கையில் கூட்டமைப்புக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது, அது எனக்குப் போதவில்லை, ஆனால் வந்தது.

நேரம் இன்னொரு பெரிய பாடம். பிள்ளைகள் பதினோரு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பாங்க? கிழவிகள், பிள்ளைத்தாச்சிகள். ஹவுஸ்கீப்பிங் போகிறவள், வீட்டு வேலைக்குப் போகிறவள், எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறவள், ஒருத்தியும் அவர்கள் கணக்கில் வர மாட்டாள். சரி, ஞாயிற்றுக்கிழமை வர்றோம் என்றார்கள். ஆட்டுத்தொட்டியை நம்பியிருக்கிற வீட்டுக்கு ஞாயிறுதான் மூச்சு விட நேரம் இல்லாத நாள். கடைசியில் சாயந்திரம் ஏழு மணிக்கு மேல், நம்ம ஆள் ஒருத்தர் கூடப் போகிற மாதிரி ஏற்பாடு செய்தோம்.

குழு வேலை என்று சொல்கிறார்களே, அதிலும் நாம் கண் வைக்கணும். ஆறு பேர் வந்தால் மூணு பேர்தான் வேலை செய்வாங்க, எல்லா இடத்திலும் இதுதான், நம்ம குழுவிலும் இதுதான். (சிரிப்பு.) பையன்கள் வெளியில் நின்று போனைப் பார்ப்பார்கள், "லேடீஸ் வீட்டுக்குள்ள நாங்க எப்படி அக்கா" என்று. பெண் பிள்ளைகள் வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குவார்கள். நான் பையன்களை டீக்கடைக்கும், ஆட்டோ ஸ்டாண்டுக்கும் அனுப்பி ஆம்பளைங்களிடம் கேட்கச் சொன்னேன். ஆம்பளைக்கு பிரஷர் இல்லையா என்ன. வெள்ளிக்கிழமை தோறும் எல்லோரையும் நம்ம அலுவலகத்தில் உட்கார வைத்து, இந்த வாரம் நீ நினைத்தது எது தப்பாகப் போச்சு, ஒன்று சொல்லு என்று கேட்பேன். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. மூணாவது வாரம் நிறுத்த முடியவில்லை.

ரெண்டாவது குழுவின் தலைப்பு மனசு சம்பந்தப்பட்டது. "கடந்த இரண்டு வாரங்களில் செயல்களில் ஆர்வமின்மை ஏற்பட்டதா?" என்று வாசித்தார்கள். நம்ம ஆளுங்க, "இன்னாமா கேக்கற?" இது உலகம் முழுக்க ஒரே மாதிரி கேட்கிற கேள்வி, இஷ்டத்துக்கு மாற்றக்கூடாதாம். அது எனக்கும் புரிந்தது, அளவுகோலை ஆளாளுக்கு வெட்டினால் அளக்க முடியாது. பேராசிரியரைக் கேட்டு, எழுதியிருக்கிறதை முதலில் வாசிப்பது, புரியாவிட்டால் எல்லோருக்கும் ஒரே மாதிரி விளக்கம் சொல்வது என்று முடிவு செய்தார்கள். அந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்தது நாம். "எதுலயும் மனசு ஒட்டாம இருந்துச்சா? பேஜாரா இருந்துச்சா?" இதைக் கேட்டதும் பேச ஆரம்பித்தார்கள். பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒருத்தர் அழுதுவிட்டார். வீட்டுக்காரர் அடிப்பதைச் சொன்னார். கேட்ட பெண்ணுக்கு இருபத்து மூணு வயசு, அவளும் அழுகிறாள், கையில் டேப்லெட், அடுத்த கேள்வி என்ன செய்வது என்று தெரியவில்லை. கூட இருந்த நம்ம ஆள் டேப்லெட்டை வாங்கி மூடி வைத்தார். பெண்களுக்கான 181க்கும், மனசு விட்டுப் பேச 104க்கும் அந்த அக்கா சம்மதத்தோடு போன் போட்டுக் கொடுத்தார். அன்றைக்குக் கேள்வித்தாள் பாதியில் நின்றது, நிற்கட்டும். இந்த நம்பர்களை வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும் என்று அதிலிருந்து வழக்கமாக்கினோம்.

ஒரே அறை வீட்டில், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "வெள்ளைப்படுதல் இருக்கா, கருத்தடை செஞ்சீங்களா" என்று கேட்டால் எவள் உண்மை சொல்வாள்? மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கேள், நம்ம அலுவலகத்துக்குக் கூட்டி வந்து கேள். டி.பி. என்றால் இன்னும் கவனம். தெரு முனையில் நின்று "டி.பி. பேஷண்ட் வீடு எது?" என்று கேட்டால் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். இதெல்லாம் நம்மில் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு மனப்பாடம். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் வந்தபோது வீடு வீடாகப் போக சுய உதவிக் குழுப் பெண்களைத்தானே எடுத்தார்கள். எந்த வீட்டில் மாத்திரை டப்பா நிரம்பியே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளை முதலில் ஒரு நாள் இவர்கள் பின்னால் நடக்கவிடுங்க, ஒரு செமஸ்டர் பாடம் அதில் இருக்கிறது.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். நான் கேட்பது புதுசு இல்லை. இதில் பலதும் 2017ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறையிலேயே இருப்பதுதான். கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதித்த கடிதத்தின் நகல் நம் கைக்கு வரணும். நமக்குப் புரியும் தமிழில் விவரத்தைச் சொல்லி சம்மதம் வாங்கணும், அந்தத் தாளில் ஒரு நகல் நமக்கு. நடுவில் வேணாம் என்று சொன்னால் விட்டுவிடணும், அதற்காக மூஞ்சியைக் காட்டக்கூடாது. ரத்தம் எடுத்தாலும் பிரஷர் பார்த்தாலும் ரிசல்ட்டை அன்றைக்கே சீட்டில் எழுதி அவரவர் கையில் கொடுக்கணும், குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தால் சுகாதார நிலையம் வரை கூட்டிப் போகணும். கூட வருகிற நம்ம உறுப்பினருக்கு அரை நாள் கூலி போகிறது, அதை ஈடு கட்டுவது லஞ்சம் இல்லை. தெருப் பெயரும் வீட்டுப் படமும் அறிக்கையில் வரக்கூடாது, நாளைக்கு "அந்தத் தெருவா" என்று யாரும் மூக்கைச் சுளிக்க நாம் காரணமாக இருக்க வேணாம். எல்லாவற்றுக்கும் மேல், அறிக்கையைக் கல்லூரியில் கொடுக்கும் முன் இந்த ஹாலில், தமிழில், நம் முன்னால் சொல்லணும். தப்பு இருந்தால் நாம் அங்கேயே சொல்வோம்.

போன தடவை அப்படிச் சொன்னார்கள். எந்த பம்பில் எத்தனை மணிக்குத் தண்ணி, எதில் வாடை என்று ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அதை நாம் மனுவோடு சேர்த்து சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்தோம். வழக்கமாக மனுவை வாங்கி ஓரமாக வைப்பார்கள். இந்தத் தடவை வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள், வந்து ரெண்டு தெருவில் அளவெடுத்தார்கள். பைப் இன்னும் மாற்றவில்லை, அது வேறு கதை, விடப் போவதில்லை.

அதே நெறிமுறையில் இன்னொன்று இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கிற குழுவில் டாக்டர், வக்கீல் மட்டும் இல்லாமல், மருத்துவத் துறை சாராத பொது ஜனத்தில் ஒருவரும் உட்காரணும். எழுதப் படிக்கத் தெரிந்து, ஊர் வழக்கம் தெரிந்தவராக இருக்கணும். அந்த நாற்காலியில் நம்ம கூட்டமைப்பிலிருந்து ஒருத்தி ஏன் உட்காரக் கூடாது? செங்கல்பட்டுப் பக்கம் ரூவ்செக் என்று ஒரு பெண்கள் அமைப்பு, 1981ல் 13 பெண்கள் ஆரம்பித்தது, அதில் 12 பேர் தலித் பெண்கள். பெண்கள் உடம்பு, பிரசவம், வீட்டு வன்முறை பற்றி அவர்களே ஆய்வு செய்து அவர்களே எழுதியிருக்கிறார்கள். கதவைத் திறந்து விடுவது ஒரு படி. கேள்வியை நாமே எழுதுவது அடுத்த படி.

தை மாதம் அடுத்த குழு வருகிறது, ஐந்து பேர். வீட்டு வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங்கும் போகிற பெண்களின் முதுகுவலி, மூட்டுவலி பற்றி. கேள்வித்தாள் நேற்று வந்துவிட்டது, தமிழில்தான், ஆனால் பதினோரு பக்கம். வேலை முடிந்து வந்து அடுப்பு பற்ற வைக்கிற நேரத்தில் பதினோரு பக்கத்துக்கு எவளுக்குப் பொறுமை? வர்ற செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நம்ம அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படிக்கப் போகிறோம். அந்த வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் வாங்க. அந்தப் பொண்ணோட அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. கண்ணாடி போடறவங்க மறக்காம எடுத்துட்டு வாங்க, எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு.